தாமரைக்குள் தேயிலை

சீனத்துத் தோட்டம் என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? ரோஜாப் பாத்தி, வெட்டி விட்ட புல்தரை, நடுவில் ஒரு நீரூற்று என்றால் அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தக் காலத்துச் சீனப் படிப்பாளி வீட்டுத் தோட்டத்தில் புல்தரையே கிடையாது. பூவும் கொஞ்சந்தான். சுற்றிலும் வெள்ளையடித்த உயரமான மதில். உள்ளே ஒரு குளம், அதன் மேல் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும் சின்னப் பாலம், ஒரு மண்டபம், ஒரு மூங்கில் புதர். அப்புறம் கல். ஆமாம், கல்! தாய்ஹூ என்ற ஏரியிலிருந்து எடுத்து வந்த, ஓட்டை ஓட்டையாய், சுருக்கம் விழுந்து, ஒல்லியாக நிற்கிற சுண்ணாம்புப் பாறை. அதுதான் மலை. குளந்தான் ஆறும் ஏரியும். மதிலுக்குள்ளேயே மலைக்குப் போய் வந்தாச்சு, ஆற்றங்கரையில் உட்கார்ந்தாச்சு என்று வைத்துக்கொள்ள வேண்டியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மதிலில் வைக்கும் ஜன்னல்கள். கதவு இருக்காது. ஓடும் செங்கல்லும் வைத்துச் சித்திர வேலை செய்த துவாரங்கள். எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்க வேண்டுமென்றால் நடந்து போகணும். இன்னொரு தந்திரமும் உண்டு. தூரத்தில் யாருடைய கோபுரமோ தெரிந்தால், அது தம் குளக்கரையிலிருந்து பார்க்கும்போது சரியாக நடுவில் தெரிகிற மாதிரி மரங்களை வைத்துவிடுவார்கள். இதற்கு 'இரவல் காட்சி' என்று பெயர். ஜீ செங் என்ற தோட்டக் கலைஞர் 1630களில் தோட்டம் அமைப்பதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை ரொம்ப உசத்தியாகச் சொல்லியிருக்கிறார். காசு கொடுக்காமல் கோபுரம்!

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டியது யார் என்று தேடினால்தான் விஷயமே இருக்கிறது. பாதிப் பேர் வேலை போனவர்கள்.

சூ ஷுன்சின் என்று ஒரு கவிஞர். 1044-ல் தலைநகரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். ஆபீஸில் சேர்ந்துபோன பழைய காகிதங்களை விற்று, அந்தப் பணத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு விருந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். அந்த வருஷமும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அப்போது அவருடைய மாமனார் பெரிய மந்திரி. மாமனாரைப் பிடிக்காதவர்கள் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கார் பணத்தைத் தின்றுவிட்டார் என்று குற்றம் சாட்டி, உத்தியோகத்தைப் பறித்து அனுப்பிவிட்டார்கள். பழைய பேப்பர் விற்ற காசுக்கு! மனுஷர் சூஜோ நகரத்துக்கு வந்து, 1045-ல் 40,000 காசு கொடுத்துக் கால்வாய் ஓரமாக ஒரு பாழ் இடத்தை வாங்கி, மூங்கில் நட்டு, சாங்லாங் மண்டபம் கட்டினார். அந்தப் பெயரே ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்ததுதான். காலம் தெளிவாயிருந்தால் உத்தியோகம், கலங்கிப் போனால் ஒதுங்கிவிடு என்பது அந்தப் பாட்டின் உட்பொருள். ஆனால் பாவம், ஒதுங்கி ரொம்ப நாள் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை; 1048-ல் இறந்து போனார்.

அதே ஊரில் 1500களின் தொடக்கத்தில் வாங் ஷியான்சென் என்ற அதிகாரி, அவரும் அரசாங்கத்தில் அடிபட்டுத் திரும்பியவர், பெரிய தோட்டம் ஒன்று போட்டார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'சாமர்த்தியம் போதாதவனின் நிர்வாகம்' என்று வரும். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக் கறிகாய் விற்பதுதான் தன்னைப் போன்ற அசடனுக்குத் தெரிந்த ராஜாங்கம் என்று பான் யுவே என்ற பழங்கால எழுத்தாளர் எழுதியதிலிருந்து எடுத்தது. கேட்க எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! அந்தப் பான் யுவே கடைசியில் அரசியல் சூழ்ச்சியில் மாட்டி 300-ஆம் ஆண்டில் கொலைத் தண்டனை பெற்றார். கறிகாய் விற்க அவரை விடவில்லை, அல்லது அவரே போகவில்லை. வாங்கின் தோட்டத்தை அவர் மகன் சூதாட்டத்தில் தோற்றான் என்று சொல்வார்கள். இந்தத் தோட்டம் இன்றைக்கும் சூஜோவில் பேர் பெற்ற இடம். 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

இவர்களுக்கெல்லாம் மூலபுருஷர் தாவ் யுவான்மிங். 405-ஆம் ஆண்டில் ஒரு சின்ன ஊரின் நிர்வாக அதிகாரியாக இருந்தார். மேலதிகாரி பார்வையிட வருகிறார், இடுப்புக் கச்சையைச் சரியாகக் கட்டிக்கொண்டு போய் வணங்க வேண்டும் என்றார்களாம். ஐந்து படி அரிசிச் சம்பளத்துக்காக முதுகை வளைக்க முடியாது என்று, வேலைக்கு வந்து 80 நாள் சுமாருக்குள் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு நடந்துவிட்டார். வேலியோரம் செவ்வந்தி, வாசலில் ஐந்து வில்லோ மரம், கையில் மதுக்கிண்ணம். பின்னால் வந்த ஆயிரம் வருஷத்துச் சீனக் கவிஞர்களும் ஓவியர்களும் இந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பீச் பழத்தோப்புக்குள் வழி தவறிப் போன மீனவன், வரி தண்டல் இல்லாத, சண்டை இல்லாத ஒரு கிராமத்தைக் கண்டு, திரும்பி வந்த பிறகு அந்த வழியைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போன கதையும் இவர் எழுதியதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு நம் வீட்டுக் கேள்வி வந்தது. என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த மனுஷன் வேலையை விட்டுட்டு வேலியோரம் செவ்வந்தி பார்த்துட்டு உட்கார்ந்தாரே, அன்னிக்கு ராத்திரி அடுப்புல என்ன இருந்திருக்கும்?"

"அதையும் எழுதியிருப்பான், தேடிப் பாரு" என்றார் தலை நிமிராமல்.

தேடினேன், நிஜமாகவே எழுதியிருக்கிறது! அதிகாரியாக இருந்தபோது அவருக்குச் சம்பளத்தோடு சர்க்கார் நிலமும் உண்டு. அது முழுவதிலும் மது வடிக்க உதவும் பசை அரிசியைப் போடச் சொல்லிவிட்டாராம். சாப்பாட்டு அரிசி வேண்டும் என்று மனைவி மக்கள் மன்றாடியபின், 250 மூ நிலத்தில் மது அரிசி, 50 மூவில் சாப்பாட்டு அரிசி என்று சமரசம் ஆயிற்று. ('மூ' என்பது அவர்கள் நில அளவு.) ஐந்து பங்கு அவருக்கு, ஒரு பங்கு குடும்பத்துக்கு! அதுகூட அறுவடைக்கு முன்னால் அவர் வேலையை விட்டதால் கைக்கு வரவில்லை. ஆனால் அந்த அம்மாளைப் பற்றி இன்னொரு குறிப்பும் உண்டு. ஜாய் குடும்பத்துப் பெண். கணவர் முன்னால் உழ, அவள் பின்னால் மண் கொத்திக்கொண்டு வந்தாளாம். அவர் பிற்காலத்தில் பிச்சை கேட்கப் போனதைப் பற்றியும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஓவியங்களில் செவ்வந்தி வருகிறது. மண்வெட்டியோடு பின்னால் வந்தவளை நான் பார்த்த வரையில் காணோம்.

ஆண்பிள்ளைக்குத் தோட்டம் என்றால் வெளியிலிருந்து உள்ளே வருவது. ஆபீஸ், அரசியல், பொறாமை எல்லாவற்றையும் மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து மூச்சு விடும் இடம். சிலருக்கு அது வெயிட்டிங் ரூம்தான் என்றும் சொல்வேன். சீமா குவாங் என்ற மேதை, தமக்குப் பிடிக்காதவர்கள் ஆட்சியில் இருந்த வருஷங்களை லோயாங்கில் 'தனித்த இன்பத் தோட்டம்' என்று பெயர் வைத்து உட்கார்ந்து கழித்தார். பிரம்மாண்டமான ஒரு சரித்திர நூலை 1084-ல் முடித்தார். அடுத்த வருஷம் காற்று மாறியதும் கிளம்பித் தலைநகருக்குப் போய் முதன் மந்திரியாகிவிட்டார். கதவு அவர் பக்கம் திறந்துதான் இருந்தது.

பெரிய குடும்பத்துப் பெண்களுக்கு அப்படியா? அவள் எங்கிருந்து உள்ளே வருவாள்? அவள்தான் எப்போதும் உள்ளேயே இருக்கிறாளே! ஐந்தாறு வயதில் பாதத்தைத் துணியால் இறுக்கிக் கட்டி வளரவிடாமல் செய்த காலம். தெருவுக்கு வந்தால் பேச்சு. அவளுக்குத் தோட்டம் என்பது ஓய்விடம் இல்லை. அவள் போகக்கூடிய உலகத்தின் கடைசி எல்லை.

அதிலும் எல்லாருக்கும் அனுமதி இருந்ததா என்றால், அதுவும் இல்லை. தாங் ஷியான்சூ 1598-ல் எழுதிய 'பியோனி மண்டபம்' நாடகத்தின் கதாநாயகி டூ லீநியாங்குக்குப் பதினாறு வயது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது! வேலைக்காரச் சிறுமி சொல்லித்தான் தெரிகிறது. அப்பா ஊரில் இல்லாத சமயம் பார்த்து உள்ளே போகிறாள். யாருமே பார்க்காமல் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கிற பூக்களைப் பார்த்து மனசு உடைகிறது. திரும்பி வந்து தூங்குகிறாள், கனவில் ஒருவன் வருகிறான், அந்த ஏக்கத்திலேயே செத்துப் போகிறாள். அந்தத் தோட்டத்தின் மரத்தடியிலேயே புதைக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்துக் கனவில் வந்தவனே வந்து அவளை உயிரோடு எழுப்புகிறான். கதை அப்படி இப்படி இருந்தாலும், சீனத்துப் பெண்கள் இதைப் படித்துப் படித்து உருகியிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒரே மனிதருக்கு நிச்சயிக்கப்பட்ட மூன்று பெண்கள், முதல் இருவரும் இளம் வயதில் இறந்து போக, ஒருத்தி விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் இந்த நாடகத்துக்குக் குறிப்புரை எழுதினார்கள். அது 1694-ல் அச்சாயிற்று. அச்சுக் கட்டை செதுக்கும் செலவுக்கு மூன்றாமவள் தன் நகையை விற்றாளாம்.

தோட்டத்தையே பெண்களுக்குக் கொடுத்த கதை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சாவ் ஷுவேச்சின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு'. சக்கரவர்த்திக்கு வாழ்க்கைப்பட்ட மகள் ஒரே ஒரு ராத்திரி பிறந்தகம் வரப்போகிறாள் என்பதற்காகக் குடும்பமே கடன்படுகிற அளவுக்குச் செலவு செய்து ஒரு மாபெரும் தோட்டம் கட்டுகிறார்கள். அவள் வருகிறாள், பார்த்துவிட்டு அழுகிறாள். உப்புக்கும் காய்க்கும் கஷ்டப்படுகிற குடும்பமாயிருந்தாலும் சேர்ந்து இருக்கிறார்களே என்று அவளுக்கு ஏக்கம். அரண்மனைக்குத் திரும்பியதும், அந்த இடத்தைப் பூட்டி வைக்காதீர்கள், வீட்டுப் பெண்கள் அங்கே போய் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். அவள் தம்பி ஒருவனுக்கும் அனுமதி. அந்த ஒரு வார்த்தையால் சில வருஷங்கள் அந்தப் பெண்களுக்குக் கவிதைப் போட்டி, நண்டு விருந்து, பனியில் விளையாட்டு என்று போகிறது. லின் டாய்யூ என்ற பெண் உதிர்ந்த இதழ்களைக் கூட்டி மண்ணில் புதைக்கிறாள். ஓடைத் தண்ணீரில் விட்டால் மதிலைத் தாண்டி வெளியே போய் அசுத்தமாகிவிடுமாம். வெளியே என்ன காத்திருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இதிலே நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கிற ஓர் அத்தியாயம் இருக்கிறது. குடும்பத்தில் பணம் இறுகுகிறது. டான்சுன் என்ற மகள் கையில் கொஞ்ச நாள் நிர்வாகம் வருகிறது. வேறொரு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து வந்தவள், காய்ந்த புல்லுக்கும் கிழிந்த தாமரை இலைக்கும்கூட விலை உண்டு என்று கண்டுபிடித்துவிட்டாள். மூங்கிலை ஒரு கிழவிக்கு, வயலை ஒருத்திக்கு, வாசனைச் செடிகளை ஒருத்திக்கு என்று பிரித்துக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வேண்டிய பூ, துடைப்பம், பறவைத் தீனி எல்லாம் அவர்கள் கொடுத்துவிட வேண்டும், மிச்சம் அவர்களுக்கு. வருஷத்துக்கு 400 வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் கொஞ்ச நாளில் வேலைக்காரப் பெண் ஒருத்தி வில்லோக் குச்சியும் பூவும் ஒடித்து விளையாட்டாகக் கூடை பின்னுகிறாள். 'என் பங்குப் பூவைப் பறித்தாய்' என்று கிழவி சண்டைக்கு வருகிறாள். கணக்கு வந்ததும் அது தோட்டமாக இல்லை, வயலாகிவிட்டது. டான்சுன் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கஜானா காலியான வீட்டில் வேறு என்ன செய்வாள்? பிற்பாடு ஒரு ராத்திரி பெரியவர்கள் அந்தத் தோட்டத்து அறைகளையெல்லாம் சோதனை போடுகிறார்கள். அதோடு அந்த உலகம் உடைய ஆரம்பித்துவிடுகிறது. தங்கள் பெயரில் இல்லாத இடத்தில் அவர்கள் எத்தனை நாள் ராணியாக இருக்க முடியும்?

கதை இருக்கட்டும், நடந்தது ஒன்று சொல்கிறேன். ச்சீ பியாவ்ஜியா என்ற அதிகாரி, ஷாவ்ஷிங் ஊர்க்காரர், தோட்டப் பைத்தியம். குன்றின்மேல் ஒன்று கட்டிப் பணப்பை காலியாகி, உடம்பும் கெட்டுப் போனதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1645-ல் மஞ்சூரியர்கள் நாட்டைப் பிடித்து, தங்களிடம் வேலைக்கு வரும்படி அவரை அழைத்தார்கள். பழைய ராஜவம்சத்துக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று தம் தோட்டத்துக் குளத்தில் இறங்கி உயிரை விட்டார். மனைவி ஷாங் ஜிங்லான் நல்ல கவி. அவளுக்கு அப்போது நாற்பது வயது. பிள்ளைகள் இருக்கிறார்கள், வளர்க்க வேண்டும் என்று உயிரோடு இருந்தாள். கணவர் செத்த அதே தோட்டத்தில் மகள்களையும் மருமகள்களையும் கூட்டி வைத்துக்கொண்டு கவிதை எழுதப் பழக்கினாள். தலைப்பு கொடுப்பாள், காகிதம் பகிர்ந்து கொடுப்பாள், எழுதி வாங்குவாள். முப்பது வருஷம் இப்படி. கணவருக்குக் கடைசி அடைக்கலமாக இருந்த இடத்தைப் பள்ளிக்கூடமாக்கினாள்.

இவர்கள் எல்லாரையும்விட எனக்கு நெருங்கியவள் யுன். அவள் பணக்காரி இல்லை. அவளுக்கென்று தோட்டமும் இல்லை.

சூஜோ நகரத்தில் 1763-ல் பிறந்தவள். நாலு வயதில் அப்பா போய்விட்டார். வளர்ந்ததும் ஊசி வேலை செய்து அம்மாவையும் தம்பியையும் காப்பாற்றினாள். பள்ளிக்கூடம் போகவில்லை. யாரோ வாயால் சொல்லிக் கொடுத்த பாய் ஜூயியின் நீளக் கவிதை ஒன்று அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் பெட்டிக்குள் அதே கவிதை எழுத்தில் கிடைத்தது. வாயால் சொல்லிக்கொண்டே எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்து, தானே படிக்கக் கற்றுக்கொண்டாள். அத்தை மகன் ஷென் ஃபூவுக்கு அவளை 1780-ல் கட்டிக் கொடுத்தார்கள். சின்னச் சின்னக் குமாஸ்தா வேலை செய்தவர். அவள் போன பிறகு அவர் எழுதிய 'மிதக்கும் வாழ்வின் ஆறு குறிப்புகள்' என்ற புத்தகத்தில்தான் அவள் இன்றும் இருக்கிறாள். லின் யூடாங் 1930களில் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் படித்து முடித்தேன்.

அவர்கள் வீடு எங்கே இருந்தது தெரியுமா? பழைய பேப்பர் விற்று வேலை போனாரே, அவருடைய சாங்லாங் மண்டபத்துக்குப் பக்கத்தில். மதிலுக்கு மதில்! ஆனால் வந்து ஆறு மாதமாகியும் புது மருமகள் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் காலடி வைத்ததில்லை. அந்த வருஷம் நிலாத் திருநாளன்று, கணவர் முன்கூட்டியே காவல்காரரிடம் ஆள் அனுப்பி வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று ஏற்பாடு செய்து, இருட்டும் நேரத்தில், சின்ன நாத்தனார், வேலைக்காரிகள் சூழ அழைத்துப் போனார். கல் பாலம் தாண்டி, மேட்டில் இருக்கும் மண்டபத்தில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். காவல்காரர் தேநீர் கொண்டு வந்தார். நிலா ஏறியது. பக்கத்து வீட்டுக்குப் போக இத்தனை ஏற்பாடு!

அதனால்தானோ என்னவோ, அவள் தோட்டத்தைக் கையளவாகச் செய்யக் கற்றுக்கொண்டாள். கோடையில் தாமரை சாயங்காலம் கூம்பி, காலையில் விரியும் அல்லவா? ஒரு சின்ன மஸ்லின் பையில் கொஞ்சம் தேயிலை வைத்து, கூம்புமுன் பூவின் நடுவில் வைத்துவிடுவாள். காலையில் எடுத்து நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினால் தாமரை வாசனையோடு தேநீர். செலவு ஒன்றும் இல்லை பாருங்கள்.

ஒரு முறை இருவரும் சேர்ந்து ஒரு நீளத் தொட்டியில் கல்லடுக்கி மலை செய்தார்கள். ஒரு மூலையில் ஆற்றுச் சேறு போட்டுத் தண்ணீர்ப் பாசி, கல்மேல் மெல்லிய இலையும் சிவப்புப் பூவுமான ஒரு கொடி. இலையுதிர் காலத்தில் கொடி மலையை மூடிப் பூத்தது. இங்கே ஒரு மண்டபம் இருந்தால் நன்றாயிருக்கும், இந்த இடத்தில் குடியிருக்கலாம், அங்கே உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் என்று இருவரும் நாளைக்கே வீடு மாறப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி இரண்டு பூனைகள் சண்டை போட்டுக்கொண்டு ஓட்டுக் கூரையிலிருந்து தொட்டி மேல் விழுந்தன. மலையும் ஆறும் தூள் தூள். இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டதாம். வளர்ந்தவர்கள் ஒரு தொட்டிக்காக அழுவார்களா என்று கேட்காதீர்கள். நான் நம்புகிறேன்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. ஒரு கோடைக்கு, ஊர் ஓரத்தில் ஒரு கிழவி வீட்டில், கறிகாய்ப் பாத்திகளுக்கு நடுவே வாடகைக்கு இருந்தார்கள். மூங்கில் வேலி, வாசலில் குளம். ஒரு நாள் இங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு, சுற்றிப் பத்து மூ தோட்டம், அதாவது ஒன்றரை ஏக்கர் சுமார், வாங்கிக் காய் போடுவோம். நீங்கள் படம் வரையுங்கள், நான் பூ வேலை செய்கிறேன். பருத்தித் துணியும் காய் சோறும் போதும் என்றாள். கவனியுங்கள், பெரிய கவிஞர்கள் தோட்டம் கேட்டபோது வருமானத்தைப் பற்றிப் பேசவில்லை. இவள் கனவில்கூடப் பட்ஜெட் இருக்கிறது.

நடந்தது வேறு. தம்பிக்காரன் வாங்கிய கடன், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கடிதங்கள், மாமனாரின் கோபம். இரண்டு முறை வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அவளுக்கு உதிரப்போக்கு நோய். அந்த உடம்போடு, கூலிக்காகப் பத்தே நாளில் ஒரு புனித நூல் முழுவதையும் துணியில் பூ வேலையாகத் தைத்துக் கொடுத்தாள். நோய் இன்னும் முற்றியது. இரண்டாம் முறை கிளம்பியபோது மகளை வருங்கால மாமியார் வீட்டுக்கு அனுப்பியாயிற்று, பன்னிரண்டு வயது மகனை ஒரு கடையில் வேலை பழக விடும்படி ஏற்பாடு. விடியுமுன் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். விழித்துக்கொண்ட பிள்ளையிடம் வைத்தியரிடம் போகிறேன் என்று சொன்னாள். தாய்மார்கள் இதற்கு மேல் விவரம் கேட்க மாட்டீர்கள்.

போய்ச் சேர்ந்தது ஷீஷான் என்ற இடத்தில் ஹுவா குடும்பத்துத் தோழி வீட்டுக்கு. அந்த வீட்டு இரண்டு பெண்களுக்கு யுன் எழுத்துக் கற்றுக் கொடுத்தாள். கிராமத்து வீடு, முற்றம் பெரிசு, மரம் இல்லை, கோடை வெயில் தாங்கவில்லை. பிறர் வீட்டில், சொந்த மண் ஓர் அடிகூட இல்லாமல், நோயோடு இருந்தவள் அவர்களுக்கு நகர்த்தக்கூடிய ஒரு தோட்டத்தைச் செய்யச் சொல்லிக் கொடுத்தாள்.

பிறகு கணவருக்கு வேலை கிடைத்த யாங்ஜோவுக்குப் போனார்கள். 1803-ல், நாற்பது வயதில், அங்கே இறந்தாள். பின்னாளில் ஷென் ஃபூவுக்கு அந்த மாதிரி ஓர் இடம் அமைந்ததாம். கூட இருக்க வேண்டியவள் இல்லையே என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் பிரதி சூஜோவில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்து 1877-ல் அச்சேறியது. ஆறு குறிப்புகளில் நான்குதான் இருந்தன. நல்லவேளை, அந்த நான்கில் யுன் செய்யச் சொன்ன தட்டியின் அளவும் இருக்கிறது.

இரண்டு மரக்கட்டைகளைக் கால்களாக வைத்துத் தாழ்வான பெஞ்சு மாதிரி ஒரு சட்டம். மேலே நாலு குறுக்குச் சட்டம், ஓர் அடி அகலம், நடுவில் வெற்றிடம். நாலு மூலையிலும் துளை போட்டு, அதில் மூங்கில் குச்சிகளைச் சொருகி ஆறு ஏழு அடி உயரத்துக்குத் தட்டி பின்ன வேண்டும். நடுவில் ஒரு மண்தொட்டி வைத்து அவரைக்காய் விதை. ஆமாம், நம் அவரைக்காயேதான். கொடி தட்டியைப் பிடித்து ஏறிவிடும். இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். இப்படி நாலைந்து செய்து எந்த ஜன்னலுக்கு வேண்டுமோ அங்கே நிறுத்தினால் காற்று வரும், வெயில் வராது. அவரை இல்லாவிட்டால் படரும் கொடி எதுவும் ஆகும் என்று ஷென் ஃபூ குறித்திருக்கிறார்.